டப்ளினில் பிறந்த சிவப்பு மருந்து

தொழுநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மருந்து அட்டையில் மூன்று மருந்துகள் இருக்கும். ரிஃபாம்பிசின், டாப்சோன் இரண்டோடு கருஞ்சிவப்பாக ஓர் உருண்டைக் குளிகையும் இருக்கும். அதன் பெயர் கிளோஃபசிமைன். உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட தொழுநோயாளிகளைக் குணப்படுத்திய கூட்டு மருந்து சிகிச்சையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அதை உருவாக்கியவர்கள் தொழுநோயை மனதில் வைத்து உருவாக்கவில்லை. அவர்கள் தேடியது காசநோய்க்கு மருந்து. அந்தப் பரீட்சையில் அது தேறவில்லை என்று ஒதுக்கப்பட்டது. பிறகு தொழுநோய்க்குப் போய்ப் பெயர் வாங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோயை எதிர்க்க மீண்டும் அழைக்கப்பட்டது. ஒரு நோய்க்காக வந்த மருந்தை இன்னொரு நோய்க்குப் பயன்படுத்துவது என்றால் என்ன, அதற்கு யார் யார் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த ஒரு குளிகையின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

அயர்லாந்தின் சாபம்

1940-களில் அயர்லாந்தை வாட்டிய நோய் காசநோய். வீட்டுக்கு வீடு இளைஞர்களும் இளம் தாய்மார்களும் அதற்குப் பலியானார்கள். 1948-இல் அந்த நாட்டின் சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்ற டாக்டர் நோயல் பிரவுன் தன் பெற்றோரையே காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பதவிக்கு வந்ததும் அவர் காசநோய் மருத்துவமனைகள் கட்டுவதையே தலையாய வேலையாக எடுத்துக்கொண்டார்.

அதே காலத்தில் டப்ளினில் வின்சென்ட் பாரி என்ற வேதியியலாளர் காசநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். 1908-இல் கார்க் நகரில் பிறந்தவர். அதற்கு முன் கடற்பாசிகளில் உள்ள சர்க்கரைப் பொருள்களை ஆராய்ந்து பெயர் பெற்றிருந்தார். அவருடைய ஆய்வகத்துக்குப் பணம் தந்தது அயர்லாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது மக்களின் வரிப்பணம்.

காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற கொழுப்புறை தடிமனாக இருக்கும். தண்ணீரில் கரையும் பல பொருள்கள் அதைத் தாண்டி உள்ளே போவதில்லை. எனவே கொழுப்பில் கரையும் பொருள்களின் மீது பாரியின் குழு கவனம் வைத்தது. முதலில் கையில் எடுத்தது பாறையிலும் பழைய சுவரிலும் படரும் ஒரு பாசியின் சத்தை. நம் வீடுகளில் குழம்புக்கும் பிரியாணிக்கும் தாளிக்கும் கல்பாசி இந்த வகையைச் சேர்ந்ததுதான். அந்தப் பாசியிலிருந்து பிரித்த டிப்ளோயிசின் என்ற பொருளை டப்ளின் வேதியியலாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அதன் வடிவத்தை மாற்றி மாற்றி, கிருமியைத் தடுக்கும் பொருள் கிடைக்கிறதா என்று பாரியின் குழுவினர் பார்த்தார்கள்.

அந்த வழியில் போகும்போது ஆழ்ந்த சிவப்பு நிறமுள்ள சேர்மங்கள் அவர்கள் கையில் கிடைத்தன. அவை ஃபெனசின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் கண்டுபிடித்த முதல் செயற்கைச் சாயமான மாவீனும் இதே குடும்பம்தான். துணிக்குச் சாயமேற்றும் பொருளின் உறவினர் ஒருவர் கிருமியைக் கொல்வது வேதியியலாளர்களுக்குப் புதிதல்ல. முதல் சல்ஃபா மருந்தான பிரான்டோசிலும் ஒரு சிவப்புச் சாயமே.

பாரியும் தோழர்களும் அந்தச் சேர்மங்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வரிசையாகச் சோதித்தார்கள். 1954-இல் உருவான பி663 மற்ற எல்லாவற்றையும்விட வீரியமாக இருந்தது. 1957-இல் 'நேச்சர்' இதழில் இந்தச் சேர்மக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. பி663 என்ற அந்த எண்ணுக்குப் பின்னர் வைத்த பெயர்தான் கிளோஃபசிமைன்.

கினிப்பன்றி சொன்ன தீர்ப்பு

சுண்டெலிகளுக்கும் வெள்ளெலிகளுக்கும் காசநோயை உண்டாக்கி பி663-ஐக் கொடுத்தபோது நோய் கட்டுக்குள் வந்தது. ஆனால் கினிப்பன்றியிலும் குரங்கிலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியபோது பயன்படுத்திய விலங்கு கினிப்பன்றி. அன்று முதல் காசநோய் ஆராய்ச்சியில் அதன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கினிப்பன்றியில் தோற்ற மருந்தை மனிதர்களிடம் கொண்டுபோக யாரும் முன்வரவில்லை.

அந்த விலங்குகளின் உடல் மருந்தைச் சரியாக உள்வாங்கவில்லை, உறுப்புகளில் பரவும் விதமும் வேறாக இருந்தது என்று பின்னர் விளக்கம் சொன்னார்கள். மருந்துக்கு வீரியம் இல்லாமல் போகவில்லை, கிருமி இருந்த இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. இந்த வேறுபாடு அன்றைக்கு யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

காலமும் பாரிக்கு எதிராக இருந்தது. 1940-களிலேயே ஸ்ட்ரெப்டோமைசின் வந்துவிட்டது. 1952-இல் ஐசோநியாசிட் வந்தது. மலிவான மாத்திரை, வாயால் விழுங்கலாம், வீரியமும் அதிகம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளியைச் சானடோரியத்தில் கிடத்தி வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகிறது என்று உலகுக்கு நிரூபித்துக் காட்டியது. காசநோய் இனி ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருந்த நேரம் அது. கினிப்பன்றியில் தோற்ற ஒரு சிவப்புத் தூளுக்காக யார் கவலைப்படப் போகிறார்கள்?

பாரியின் குழு கவலைப்பட்டது. தங்கள் மருந்தை அவர்கள் கைவிடவில்லை. காசநோய்க் கிருமிக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு, அதுதான் தொழுநோய்க் கிருமி. இரண்டுக்கும் அதே மெழுகுறை. எனவே பி663-ஐ அந்தப் பக்கம் திருப்பலாம் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் ஒய்.டி. சாங் என்ற ஆய்வாளர், எலிகளுக்கு வரும் தொழுநோய் போன்ற ஒரு நோயில் அந்த மருந்து நன்றாக வேலை செய்வதைக் கண்டார். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் மருந்து தயாரிக்கக் கைகொடுத்தது. அடுத்து அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

செங்கல்பட்டும் உசுவாகோலியும்

அன்றைய தொழுநோய்ச் சிகிச்சையும் வேறு எதற்கோ வந்த மருந்தின் கதைதான், அதில் நம் செங்கல்பட்டுக்கு முக்கியமான இடம் உண்டு.

நெடுங்காலமாகத் தமிழ்நாட்டிலும் பிற இடங்களிலும் தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெய்தான் கதி. அதை ஊசியாகவும் போட்டார்கள். வலி அதிகம், பலன் குறைவு. டாப்சோன் என்ற வேதிப்பொருளை 1908-இலேயே ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் ஃப்ரோம், விட்மன் என்ற இருவர் உருவாக்கியிருந்தார்கள். அது மருந்தாகும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அதற்குக் கிருமியைத் தடுக்கும் குணம் இருப்பது தெரிந்தது. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை ஃபேஜெட் என்ற மருத்துவர் டாப்சோனின் உறவான புரோமின் (Promin) என்ற மருந்தைக் கொடுத்துப் புண்கள் ஆறுவதைக் கண்டார். ஆனால் புரோமினை நரம்பு ஊசியாகப் போட வேண்டும், விலையும் அதிகம்.

செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940-களின் பிற்பகுதியில் டாப்சோனையே நேராக எடுத்துக்கொண்டார். மாட்டின் மடிவீக்கத்துக்கு அது மருந்தாகப் பயன்பட்டு வந்தது. அதைக் கடலை எண்ணெயில் கலந்து நோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்தார். புண்கள் ஆறின. நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோ என்ற மருத்துவர், இதை ஊசியாகக் கூடப் போட வேண்டாம், சிறிய அளவில் மாத்திரையாக விழுங்கினாலே போதும் என்று காட்டினார். மிகக் குறைந்த செலவில் ஒரு மருந்து ஏழைநாடுகளுக்குக் கிடைத்தது.

அதே உசுவாகோலிக்குத்தான் பி663 போய்ச் சேர்ந்தது. அங்கே தொழுநோய் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஸ்டான்லி பிரவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவரும் ஹோகெர்சீல் என்ற மருத்துவரும் நோயாளிகளுக்கு பி663 கொடுத்துப் பார்த்து 1962-இல் முடிவை வெளியிட்டார்கள். தோலில் இருந்த கிருமிகள் குறைந்தன. நச்சுத்தன்மையும் பெரிதாகத் தெரியவில்லை. டப்ளினில் தோற்றுப்போன மருந்துக்கு ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் வாழ்வு கிடைத்தது.

பிரவுன் இன்னொன்றையும் கவனித்தார். தொழுநோய்க்கு மருந்து சாப்பிடும்போது சிலருக்குத் திடீரென்று காய்ச்சலும் உடல் முழுக்க வலிக்கும் சிவந்த முடிச்சுகளும் வரும். நோயாளியைப் படுக்கையில் தள்ளும் இந்த வீக்க எதிர்வினை, பி663 சாப்பிட்டவர்களிடம் குறைவாக இருந்தது. கிருமியைக் கொல்வதோடு இந்த எதிர்வினையையும் அடக்குவது அதன் தனிச்சிறப்பு. 1969-இல் கெய்கி நிறுவனம் 'லாம்ப்ரீன்' என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

உடம்பில் தங்கும் மருந்து

கிளோஃபசிமைன் வேலை செய்யும் விதம் அலாதியானது. கொழுப்பில் கரைவதால் அது இரத்தத்தில் நிற்பதில்லை. கொழுப்புத் திசுக்களிலும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்து தங்கிவிடும். சில அணுக்களுக்குள் அது சிவப்புப் படிகங்களாகவே உறைந்திருக்கும். மருந்தை நிறுத்தினாலும் உடம்பிலிருந்து வெளியேற மாதக்கணக்கில் ஆகும். தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் ஒளிந்து வாழும் இடமும் அதே வெள்ளணுக்கள்தான். கிருமியின் வீட்டுக்குள்ளேயே மருந்து குடியேறிவிடுகிறது.

உள்ளே போன மருந்தைக் கிருமியின் சுவாசத்துக்குத் தேவையான ஒரு நொதி எலக்ட்ரான் கொடுத்து மாற்றுகிறது. மாறிய மருந்து ஆக்சிஜனோடு சேர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும்போது, கிருமியைச் சிதைக்கும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளியாகின்றன. மருந்து மீண்டும் மாறுகிறது, மீண்டும் திரும்புகிறது, ஒவ்வொரு சுற்றிலும் நச்சு பெருகுகிறது. கிருமி மூச்சு விடுவதே அதன் அழிவுக்கு வழியாகிறது.

இதற்கு நோயாளி கொடுக்கும் விலை தோலின் நிறம். சில வாரங்களில் தோல் சிவந்து, பிறகு கருத்துப்போகும். வறண்டு செதில் செதிலாகவும் ஆகும். உசுவாகோலியின் கருத்த தோலில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. வெளிறிய தோலுள்ளவர்கள் மருந்தையே மறுத்தார்கள். இந்தியாவில் இது இன்னும் கொடுமையானது. தொழுநோய் என்று தெரிந்தாலே ஒதுக்கிவைக்கும் சமூகத்தில், முகத்தின் கறுப்பே நோயைக் காட்டிக்கொடுத்தது. மருந்தை நிறுத்திய பிறகு மாதங்களோ வருடமோ கழித்து நிறம் திரும்பிவிடும் என்று நோயாளியின் அருகே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. நிறம் மாறுவதைச் சகித்துக்கொண்டு மாத்திரையை விடாமல் சாப்பிட்ட அந்த மனிதர்களின் பங்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பெயரோடு வராது.

மூன்று மருந்தும் ஒரே அட்டையில்

டாப்சோனை மட்டும் தனியாகக் கொடுப்பதன் குறை பிறகு தெரியவந்தது. 1964-இல் மலேசியாவின் சுங்கை பூலோ தொழுநோய் மருத்துவமனையில் பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள், டாப்சோனுக்கு அடங்காத கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்து உறுதிசெய்தார்கள். பாதத்தில் வளர்க்கும் அந்த வழியை அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சார்லஸ் ஷெப்பர்ட் கண்டுபிடித்திருந்தார். தொழுநோய்க் கிருமி ஆய்வகத் தட்டில் வளராது என்பதால் அதுவே அவர்களுக்குக் கிடைத்த சோதனைக்கூடம்.

ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பழகுவது அதற்கு முடியாத காரியம். காசநோயில் இதை முன்பே கற்றிருந்தார்கள். 1981-இல் ஜெனிவாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபசிமைன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. கிருமி அதிகமுள்ளவர்களுக்கு மாதம் ஒரு முறை பணியாளரின் கண் முன்னால் 300 மில்லிகிராம் கிளோஃபசிமைன், தினமும் வீட்டில் 50 மில்லிகிராம்.

இந்தச் சிகிச்சையை உறுதிப்படுத்திய சோதனைகளில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. செங்கல்பட்டு மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் ஆப்பிரிக்காவின் பமாகோவிலும் மருந்துச் சோதனைகள் நடந்தன. வேலூர் அருகே கரிகிரியிலும், மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்திலும் ஊர் ஊராகக் களச்சோதனைகள் நடந்தன. பொலம்பாக்கம் மையத்தை 1955-இல் தொடங்கியவர் பெல்ஜியத்திலிருந்து வந்த டாக்டர் ஹெமரிக்ஸ். மருத்துவமனைக்கு வர அஞ்சியவர்களைத் தேடிக் கிராமத்துக்குப் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்த மனிதர் அவர்.

1980-களின் நடுவில் உலகில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தொழுநோயாளிகள் பதிவேட்டில் இருந்தார்கள். கூட்டுச் சிகிச்சையால் அந்த எண்ணிக்கை பெரும் வீழ்ச்சி கண்டது. 1995 முதல் ஜப்பானின் நிப்பன் அறக்கட்டளையின் பணத்திலும், 2000 முதல் கெய்கியின் வாரிசான நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் நன்கொடையாலும் மருந்து உலகம் முழுக்க இலவசமாகக் கிடைத்தது. இந்தியா 2005-இல் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்ற நிலையை எட்டியது. ஆனாலும் இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியர்கள் என்பதை மறக்கக் கூடாது.

பாரி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1975-இல் அவர் காலமானார். அவருடைய குழுவின் பணிக்கு 1980-இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசு கிடைத்தது.

வங்கதேசத்தில் மறுபடியும் காசநோய்க்கு

இந்த இடைப்பட்ட காலத்தில் காசநோய் தன்னை மாற்றிக்கொண்டது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் 1990-களில் பரவத் தொடங்கின. அப்படிப்பட்ட நோயாளிக்கு இரண்டு ஆண்டு வரை சிகிச்சை. மாதக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் பலர். அவ்வளவு பட்டும் உலக அளவில் பாதிப்பேர் அளவுக்கே குணமானார்கள்.

பெல்ஜியத்தின் டேமியன் ஃபவுண்டேஷன் வங்கதேசத்தில் தொழுநோய்க்கும் காசநோய்க்கும் சேர்த்தே சிகிச்சை அளித்து வந்தது. அங்கே ஆர்மண்ட் வான் டியூன் என்ற மருத்துவரும் தோழர்களும் 1997 முதல் மருந்துக் கலவைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தார்கள். ஒரு கலவையில் குறை தெரிந்தால் அடுத்ததில் சரிசெய்தார்கள். கடைசியாக வந்த கலவையில் கிளோஃபசிமைன் ஆரம்பம் முதல் முடிவு வரை இருந்தது. சிகிச்சைக் காலம் ஒன்பது மாதமாகச் சுருங்கியது. 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தக் கலவையைப் பெற்ற 206 பேரில் 87.9 சதவீதத்தினர் நோய் திரும்பாமல் குணமடைந்தார்கள்.

அத்தனை நல்ல எண்ணை உலகம் உடனே நம்பவில்லை. நம்பாமல் இருந்ததும் சரியே. குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் செய்யும் சோதனை வேண்டும். சீனாவில் 105 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், கிளோஃபசிமைன் சேர்த்தவர்களில் ஏறத்தாழ 74 சதவீதம் பேரும், சேர்க்காதவர்களில் 54 சதவீதம் பேரும் குணமானார்கள். எத்தியோப்பியா, மங்கோலியா, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் நாடுகளில் நடந்த 'ஸ்ட்ரீம்' சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. கிளோஃபசிமைன் கலந்த குறுகிய சிகிச்சையில் 78.8 சதவீதம், இருபது மாத நீண்ட சிகிச்சையில் 79.8 சதவீதம். பாதிக் காலத்தில் ஏறக்குறைய அதே பலன். இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டு மருந்தோடு போராடும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

2018-இல் உலக சுகாதார நிறுவனம், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தேர்ந்தெடுக்க வேண்டிய மருந்துகளின் இரண்டாம் வரிசையில் கிளோஃபசிமைனைச் சேர்த்தது. 2024-இல் பரிந்துரைத்த ஆறு மாத வாய்வழிச் சிகிச்சைகளில் ஒன்றிலும் அது இருக்கிறது. டப்ளின் ஆய்வகம் எந்த நோய்க்காக அதைச் செய்ததோ, அந்த நோய்க்கே அறுபது ஆண்டு கழித்து அது வந்து சேர்ந்தது.

பழைய மருந்து புதிய வேலைக்கு எப்போது பயன்படும்?

இதைப் படித்துவிட்டு எல்லாப் பழைய மருந்தையும் எல்லா நோய்க்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் காசநோய் போன்ற இன்னொரு தொற்றில் கிளோஃபசிமைனைச் சேர்த்தபோது, சேர்த்தவர்களிடம் இறப்பு அதிகமானது. மலாவியில் ஒரு குடல் ஒட்டுண்ணிக்கு எதிராகச் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் கிருமி சாவதும் மனிதன் பிழைப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு புதிய வேலைக்கும் மருந்து புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. 2012-இல் அனுமதி பெற்ற பெடாகுயிலின், காசநோய்க்கு நாற்பது ஆண்டுகளில் வந்த, புதிய வகையைச் சேர்ந்த முதல் மருந்து. அதையும் கிளோஃபசிமைனையும் கிருமி ஒரே மாற்றத்தின் மூலம் ஒரே வாயில் வழியாக வெளியே தள்ளக் கற்றுக்கொள்கிறது. ஒன்றுக்குப் பழகினால் மற்றொன்றின் வீரியமும் குறையும். எனவே கிளோஃபசிமைனைத் தாறுமாறாகப் பயன்படுத்தினால் பெடாகுயிலினையும் சேர்த்து இழப்போம்.

இந்த எச்சரிக்கைகளோடும் பழைய மருந்தைத் தேடுவதற்கு வலுவான காரணம் உண்டு. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' ஆய்வு மதிப்பிட்டது. புதிய மருந்து ஒன்றை மூலக்கூறிலிருந்து மருந்துக்கடை வரை கொண்டுவரப் பத்தாண்டுக்கு மேலாகிறது. ஏற்கெனவே மனிதர்களிடம் பயன்பட்ட மருந்துக்கு எந்த அளவில் நஞ்சாகும், எந்த உறுப்பைப் பாதிக்கும், எவ்வளவு நாள் உடம்பில் தங்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும். பாதி வழியைத் தாண்டிய நிலையில்தான் அது தேடுபவரின் கையில் கிடைக்கிறது.

இன்று அந்தத் தேடலுக்குக் கணினியும் வந்துவிட்டது. 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், எந்த மூலக்கூறு பாக்டீரியாவைத் தடுக்கும் என்று கணினிக்கு 2,335 மூலக்கூறுகளைக் கொண்டு கற்பித்தார்கள். பிறகு வேறு நோய்களுக்காகச் சோதித்த சுமார் ஆறாயிரம் மூலக்கூறுகளின் தொகுப்பை அதனிடம் கொடுத்தார்கள். சர்க்கரை நோய்க்காக ஒரு காலத்தில் பரிசீலித்த ஒரு மூலக்கூறைக் கணினி பொறுக்கி எடுத்தது. அதற்கு ஹாலிசின் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவமனைகளில் தொல்லை தரும் அசினெட்டோபேக்டர் கிருமியால் வந்த தொற்றை எலிகளில் அது குணப்படுத்தியது. அது நோயாளியிடம் போய்ச் சேர இன்னும் நெடும்பயணம் இருக்கிறது. பாரி கையால் செய்த வேலையின் முதல் பகுதியைக் கணினி வேகமாகச் செய்கிறது, பிந்தைய பகுதியை மனிதர்கள்தான் செய்தாக வேண்டும்.

யார் பணம் தருவது?

கிளோஃபசிமைனின் வரலாற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டப்ளினில் அயர்லாந்து அரசு. வங்கதேசத்தில் ஒரு தொண்டு நிறுவனம். 'ஸ்ட்ரீம்' சோதனைக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் அரசு நிதி. கெய்கியும் அதன் வாரிசான நோவார்ட்டிஸும் செய்த உதவியை மறுக்க முடியாது. ஆனால் காப்புரிமை முடிந்த பழைய மருந்துக்குப் புதிய வேலை கண்டுபிடித்துப் பெரும் சோதனை நடத்த எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. சோதனை வென்றால் எல்லாரும் மலிவாகத் தயாரிப்பார்கள். செலவு செய்தவருக்குத் திரும்ப எதுவும் வராது.

அதனால்தான் இந்த வேலை அரசின் வேலை. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். மருந்துக்கு அடங்காத காசநோயும் இங்கேதான் மிக அதிகம். மலிவாக மருந்து செய்யும் தொழிற்சாலைகளும், சென்னையில் 1956 முதல் நடக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையமும், செங்கல்பட்டு, கரிகிரி போன்ற அனுபவமுள்ள இடங்களும் நம்மிடம் இருக்கின்றன. கைவசமுள்ள பழைய மருந்துகளை ஒழுங்காகச் சோதிக்க ஒரு நிலையான பொதுநிதி வேண்டும். பலன் தராத சோதனைகளின் முடிவுகளையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். பாரியின் குழு கினிப்பன்றியில் கிடைத்த தோல்வியோடு குறிப்பேட்டை மூடியிருந்தால் இன்று அந்தக் குளிகை இருந்திருக்காது.

நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். காசநோய்க்கோ தொழுநோய்க்கோ சிகிச்சை தொடங்கியிருந்தால், உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். தோல் கருத்தால் பயப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள், அது மாறும். தெருமுனைக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டு விடாதீர்கள். கைவசமுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் பல நாட்டு நோயாளிகள் உடம்பைக் கொடுத்து உதவிய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதை இழந்தால் அந்த இடத்தில் வைக்க நம்மிடம் இன்னொன்று தயாராக இல்லை.